கொடிக்கால் பக்கத்துச் சுவர்

சோழவந்தான்
11 பிப்ரவரி 2024

அக்கா,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்கு முட்டிக்கொள்கிறது. அதனால் பேப்பரில் எழுதுகிறேன். இதை நீ கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும்.

ஓட்டல் லாண்டிரியில் சம்பள வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பிப்பது கிறுக்குத்தனம் என்று நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஷெட் எடுத்தாயிற்று. லைசென்ஸுக்காகத் தல்லாகுளத்துக்கு அலைந்த அலைச்சலில் வண்டி டயரே தேய்ந்துவிட்டது. மதுரையில் இரண்டு ஆஸ்பத்திரிகள் படுக்கை விரிப்பு, போர்வையெல்லாம் வெளுக்கத் தரச் சம்மதித்துவிட்டன. இனிமேல் பின்வாங்க முடியாது.

இப்போது தலைவலி டிரையர்தான். திருப்பூரில் மூடிய ஒரு லாண்டிரியிலிருந்து பழைய கேஸ் டிரையர் இரண்டு வாங்கி இறக்கினேன். ஓடவிட்டுப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் உள்ளே நிற்க முடியவில்லை. அனல் ஒரு பக்கம், கேஸ் எரிந்த புகை ஒரு பக்கம், பறக்கிற பஞ்சு ஒரு பக்கம். புகைபோகும் குழாய் முதுகுப்பக்கம் ஒரு முழத்தோடு நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரு பேன்தான் இழுத்து வெளியே தள்ள வேண்டும். நீ கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் எக்ஸாஸ்ட் பேன் கணக்குப் போட்டுக் கொடுக்கிறாய். தம்பிக்கும் ஒன்று போட்டுக் கொடு.

எலக்ட்ரீசியன் இரண்டு வழி சொல்கிறார். டிரையர்களுக்குப் பின்னாலிருக்கும் கிழக்குச் சுவரை உடைத்து நேராகப் பேன் வைக்கலாம். இல்லையென்றால் தகரக் குழாய் போட்டுக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடலாம். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் முத்திருளன் அய்யாவின் கொடிக்கால் இருக்கிறது. அம்மா இத்தனை வருஷம் வெற்றிலை கிள்ளிய அதே கொடிக்கால்தான். இனிமேல் அங்கே போக வேண்டாம், நம் ஷெட்டில் உட்கார்ந்து துணி மடித்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டுமாவது நீ என்னைத் திட்ட மாட்டாய்.

ஷெட்டின் படம் வரைந்து வைத்திருக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

சிவபாண்டி


கோயம்புத்தூர்
19 பிப்ரவரி 2024

தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தில் கதவே இல்லை. டிரையரைக் கூரையைப் பிரித்தா உள்ளே இறக்கினாய்? கதவு எங்கே, எவ்வளவு அகலம், கூரை எவ்வளவு உயரம் என்று மாமா போன் செய்யும்போது அவரிடம் சொல்லு. நான் கேட்டால் சண்டையாகும்.

நேராகச் சுவரிலேயே வை. காற்றை எவ்வளவு குறைவாக வளைக்கிறோமோ அவ்வளவு நல்லது. கூரைக்குக் குழாய் கொண்டுபோனால் வளைவு வரும், வளைவில் பஞ்சு அடைக்கும், அடைத்த பஞ்சில் தீப்பிடிக்கும். யார் வாரா வாரம் ஏறிச் சுத்தம் செய்வது? உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டதில்லை நீ.

கடையில் போய் "பெரிய பேன் ஒண்ணு குடுங்க" என்று நிற்காதே. மோட்டார் அனலுக்கு நடுவில் இருக்கிற பேன் உனக்கு ஆகாது, ஆடி முடிவதற்குள் எரிந்துவிடும். மோட்டார் வெளியே தள்ளி நிற்க, பெல்ட் போட்டு ஓடுகிற வகை வேண்டும். எந்த அளவு என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதைவிடச் சின்னதும் வாங்காதே, சீப்பாகக் கிடைத்தது என்று பெரியதும் வாங்காதே. இன்னொன்றையும் நன்றாக மனதில் வை. காற்று வெளியே போக வேண்டுமானால் உள்ளே வரவும் வழி வேண்டும். டிரையர் ஓடும்போது முன்பக்க ஷட்டர் திறந்தே இருக்கட்டும்.

கொடிக்காலைப் பற்றி நீ ஏன் எழுதினாய் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கொடிக்காலில் குனிந்து குனிந்து அம்மாவின் இடுப்பு போனதை நான் பார்த்திருக்கிறேன். இனிமேல் அம்மா சுவருக்கு இந்தப் பக்கம், நம் சொந்த இடத்தில் உட்காரப்போகிறது. அந்தப் பக்கத்தைப் பற்றி நமக்கு என்ன கவலை?

நீ ஆரம்பிப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அதைப் போனில் சொல்ல வரவில்லை.

பாண்டிச்செல்வி


சோழவந்தான்
26 மே 2024

அக்கா,

பேன் ஓடுகிறது. ஷெட்டில் எல்லோரும் அதற்கு "அக்கா பேன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். சத்தமும் உன்னை மாதிரியேதான். போட்ட உடனே அனலை வாரி வெளியே கொட்டிவிடுகிறது. கத்திரி வெயிலிலும் உள்ளே நின்று வேலை பார்க்க முடிகிறது. எலக்ட்ரீசியன் உன் கணக்கைப் பார்த்துவிட்டு, "ஒங்க அக்கா நம்ம ஊருக்கு வந்தா என் பொழப்பு போயிரும்ணே" என்றார். துணி வண்டி ஓட்டக் காளை என்று ஒருவனைச் சேர்த்திருக்கிறேன், நல்ல ஆள்.

அம்மா விரிப்பு மடிப்பதை நீ பார்க்க வேண்டும். வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கிய கை இல்லையா, ஓரம் ஒரு நூல் பிசகாது. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவே யார் மடித்தது என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னேன், "போடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒரே ஒரு கூத்து. போன வாரம் அம்மா என்னிடம் வந்து, "ஏப்பா, அந்தக் காத்தாடியக் கொஞ்சம் திருப்பி வைக்க முடியாதா? ஓரத்துக் கொடியெல்லாம் சுருண்டு போச்சு" என்றது.

"திருப்புனா அனல் நம்ம மூஞ்சிலல்லம்மா அடிக்கும்."

"நம்ம மூஞ்சின்னா பரவால்ல."

நான் சிரித்துவிட்டேன். காளையும் சிரித்தான். அம்மா திரும்ப விரிப்பு மடிக்கப் போய்விட்டது. கொடிக்காலுக்குள் செருப்புக்கூடப் போடாமல் நடந்து பழகிய ஆள், அதுதான் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. முத்திருளன் அய்யா இதுவரை வாயைத் திறக்கவில்லை. இதற்கு ஏதாவது வழியிருந்தால் எழுது, அவசரமில்லை.

சிவபாண்டி


கோயம்புத்தூர்
18 ஆகஸ்ட் 2024

சிவபாண்டி,

மதுரை ஆஸ்பத்திரியில் வராந்தாவில் வைத்து உன்னிடம் கேட்க நினைத்தேன். சுற்றிலும் ஆள் இருந்தார்கள். அம்மாவை இங்கே கூட்டி வந்த பிறகும் நீ போன் செய்யும்போதெல்லாம் மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு என்ன வாயில் வருமென்று எனக்கே தெரியவில்லை.

ஆடிக்காற்றில் மண் வந்து வெள்ளை விரிப்பில் படிகிறதென்று, அம்மா உள்ளே இருக்க, ஷட்டரை இறக்கிவிட்டுப் போனாய். இறக்காதே என்று எழுதியிருந்தேன். சரி, அதைக்கூட விடு. பேன் ஓடியிருந்தால் கதவிடுக்கிலிருந்தாவது காற்றை இழுத்திருக்கும், அம்மாவுக்கு இப்படி ஆகியிருக்காது. நீயும் காளையும் துணி கொடுத்துவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கியபோது டிரையர் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன, பேன் நின்றிருந்தது. காளைதான் என்னிடம் சொன்னான். நீ சொல்லவில்லை.

கரண்டு பில்லைப் பற்றி நீ புலம்பியதை மாமா சொல்லியிருக்கிறார். நாங்கள் இல்லாத நேரத்தில் பேனை அமர்த்திவை என்று அம்மாவிடம் சொல்லியிருப்பாய். நீ சொன்னால் அம்மா கேட்கும், மகன் அல்லவா. கேஸ் சரியாக எரியாமல் வருகிற புகைக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்குமாம். அம்மா மடித்த விரிப்பின் மேலேயே சாய்ந்துவிட்டது.

டாக்டர் உயிருக்குப் பயமில்லை என்கிறார். உயிர் மட்டும்தான் இருக்கிறது. காலையில் என்னை, "யாரு பெத்த புள்ளம்மா நீ?" என்று கேட்டது.

எனக்குப் பதில் எழுதாதே.

பாண்டிச்செல்வி


சோழவந்தான்
1 செப்டம்பர் 2024

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமலிருந்தால் நீ சொன்னது உண்மை என்று ஆகிவிடும்.

ஷட்டரை இறக்கியது நான்தான். அதற்கு நீ என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். இறக்கியபோது பேன் ஓடிக்கொண்டிருந்தது, அது போதும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் பேனை அமர்த்தச் சொல்லி அம்மாவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கரண்டு பில்லைப் பற்றிப் புலம்பினேன், யார்தான் புலம்பவில்லை? அதற்காகப் பெற்ற தாயை அனலுக்குள் பூட்டிவிட்டுப் போவேன் என்று நீ நினைக்கிறாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நானும் ஒன்று கேட்கிறேன். பேன் தானாக நின்றிருக்கக் கூடாதா? நீ தேர்ந்தெடுத்த பேன்தானே? இந்த ஷெட்டுக்குள் ஒரு நாள் வந்து நின்று பார்க்காமல், கோயம்புத்தூரில் உட்கார்ந்து போட்ட கணக்கு. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். மோட்டாரில் கோளாறில்லை என்கிறார். சுவிட்சு அமர்த்தித்தான் இருந்ததென்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஷெட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் துணியை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவின் செருப்பு இன்னும் ஷட்டர் ஓரத்தில்தான் கிடக்கிறது. அதை எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். யார் என்று கேட்டால் சோழவந்தானிலிருந்து என்று மட்டும் சொல்.

சிவபாண்டி


கோயம்புத்தூர்
24 நவம்பர் 2024

தம்பி,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சமையலறையில் சின்னதாக ஒரு எக்ஸாஸ்ட் பேன் இருக்கிறது. கொஞ்ச நாளாக அது அடிக்கடி நின்றுவிடும். தாளிக்கும்போது புகை மண்டி எல்லோரும் இருமுவோம். சுவிட்சு லூசாக இருக்கும் என்று மாமா அதை மாற்றினார். மாற்றியும் நின்றது. இன்று ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டிலிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவும் அவர் மருமகளும் எங்கள் சமையலறைக்கு வெளியே கொடியில் துணி காயப்போட்டபடி பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சத்தம் கேட்டதும் அம்மா கூடத்திலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, பேன் சுவிட்சை அமர்த்தியது. யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சாடைகூடக் காட்டவில்லை.

"ஏம்மா அமத்துற?"

"ஆளுக கிள்ளிக்கிட்டிருக்காகல்ல. மூஞ்சில அனல் அடிக்கும்."

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என் தலையைத் தொட்டு, "ஒனக்குத் தலை சுத்துதா தாயி?" என்று கேட்டது.

நீ அமர்த்தச் சொல்லவில்லை. பேனும் பழுதாகவில்லை. என்ன நடந்ததென்று உனக்கும் புரிந்திருக்கும். உன்னைச் சொன்னதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன். எழுதிய பேப்பர் உன்னிடம் இருக்கிறது, கிழித்துப் போடு.

உன் மே மாதக் கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத அம்மா, ஒரே ஒரு தடவை உன்னிடம் வந்து கேட்டிருக்கிறது. நீ சிரித்தாய். நான் பதிலே போடவில்லை. மாமா கேட்டபோது, "இலைக்கெல்லாம் பேன் டிசைன் பண்ண முடியாது" என்று சொன்னேன். அம்மா இன்னும் அந்த முதலாளிக்குப் பயப்படுகிறதே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஷெட்டுக்குள் எத்தனை அடி, எத்தனை சூடு என்று எல்லாவற்றையும் கேட்ட நான், சுவருக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று கேட்கவில்லை.

அங்கே யாரிடமாவது விசாரித்துப் பார். எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

அக்கா


சோழவந்தான்
8 டிசம்பர் 2024

அக்கா,

சோணையம்மாளைப் போய்ப் பார்த்தேன். நம் தெருதான், அம்மாவோடு சேர்ந்து வெற்றிலை கிள்ளியவர். மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் போன வாரம்தான் திரும்பி வந்தார். நான் கேட்டதும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நாங்க ஒங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலப்பா. சொவரு ஓரத்து நெரைக்கு வந்தோம்னா மூஞ்சி எரியும், பஞ்சு பறந்து தும்மல் வரும். ரெண்டு பேரு தும்முனா போதும், காத்தாடி நின்னுரும். அந்த நெரையக் கிள்ளி முடிச்சு நகந்தப்புறம் திரும்ப ஓடும். நீதான் அமத்துறன்னு நெனச்சோம். தங்கப்பொண்ணு மகன் எம்புட்டு நல்ல புள்ளன்னு பேசிக்கிட்டோம்."

அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை அக்கா.

கிள்ளு நடக்கிற நாளெல்லாம் இப்படித்தான் நடந்திருக்கிறது. நான் வண்டியோடு மதுரைக்குப் போயிருப்பேன். ஷட்டர் திறந்திருந்ததால் அதுவரை ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு நாள் நான் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன், அன்றைக்கும் ஆட்கள் கிள்ள வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் கனத்த ஷட்டரைத் தனியாகத் தூக்க முடியாது. பேனைத் திரும்பப் போடுவதற்குள் கண்ணைச் சொருகியிருக்கும்.

முத்திருளன் அய்யாவையும் பார்த்தேன். நீ நினைத்த மாதிரி முதலாளி பயமில்லை அது. ஓரத்து நிரை காய்ந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "பொழைக்கக் கெளம்புன பய, மொத வருசம், எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டேன்ப்பா. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு தென்னந்தட்டியக் கட்டி மறைச்சிருக்கலாமே" என்றார். ஆளாளுக்கு ஒருத்தருக்காக ஒருத்தர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் மட்டும் வாயைத் திறந்து சிரித்திருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. உன் கணக்கு தப்பில்லை. நானும் அந்தக் கடிதத்தில் "கூத்து" என்றுதானே எழுதினேன்? அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தும் எழுதாமல் விட்டவன் நான்தான்.

ஷெட்டைத் திரும்பத் திறக்கலாமா என்று தெரியவில்லை. திறந்தால் எப்படித் திறக்க வேண்டுமென்று நீ சொல்லு. இந்தத் தடவை நீயே வந்து பார்த்துச் சொல்லு. அம்மாவையும் கூட்டி வா.

சிவபாண்டி


சோழவந்தான்
26 ஜனவரி 2025

அக்கா,

நீ பொங்கலுக்கு வந்து, ஷெட்டைச் சுற்றி நாலு தடவை நடந்து, கொடிக்காலுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் பேசினாய். நீ சொன்னபடியே எல்லாம் செய்தாயிற்று. டிரையர் இரண்டின் புகைக்குழாயையும் தகரக் குழாயோடு சேர்த்துக் கூரைக்கு மேலே கொண்டுபோய்விட்டோம். இழுத்துத் தள்ளுகிற புளோயர் மேலே ஓடுகிறது. அது நின்றால் டிரையரும் தானாக நின்றுவிடும். வளைவில் கதவு வைத்திருக்கிறது, பஞ்சை நானே வாரா வாரம் ஏறி எடுப்பேன். ஷட்டருக்குக் கீழே காற்று வர, இறக்கினாலும் மூடாத கம்பி ஜன்னல். பழைய பேனைக் கழற்றிவிட்டுக் கிழக்குச் சுவரைச் செங்கல் வைத்துப் பூசியாயிற்று. ஒரு ஆஸ்பத்திரி மட்டும் திரும்பவும் துணி தந்திருக்கிறது.

லீவு முடிந்துவிட்டதென்று அம்மாவைப் பத்து நாள் என்னிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாய். பஸ் வரும்வரை ஸ்டாண்டில் சேர்ந்தே நின்றோம். சண்டை வராமல் இத்தனை நேரம் நாம் நின்றதே பெரிது.

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறது. என்னை இன்னும் அடையாளம் தெரியவில்லை. காளையைத்தான் மகன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அவனும் பாவம், அழைத்ததற்கெல்லாம் "என்னம்மா" என்று ஓடி வருகிறான்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். காலையில் அம்மாவை ஷெட்டுக்குக் கூட்டி வந்தேன். நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு விரிப்பைக் கொடுத்தேன். கை மறக்கவில்லை, பழையபடி மடித்தது. டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம். சோணையம்மாளும் மற்றவர்களும் ஓரத்து நிரைக்குக் கிள்ள வந்துவிட்டார்கள்.

அம்மா விரிப்பை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்தது. நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டது. நேராகக் கிழக்குச் சுவருக்குப் போய், பழைய சுவிட்சு இருந்த இடத்தில் கையை வைத்தது. அங்கே இப்போது புதுப்பூச்சுதான் இருக்கிறது. மேலே, கீழே, பக்கத்தில் என்று தடவிக்கொண்டே இருந்தது. முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. பேன் இல்லை, புகை மேலே போகிறது, உன் மகள் பாண்டிச்செல்வி வந்து சரிசெய்துவிட்டாள் என்றெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"அமத்தியாச்சாப்பா?"

மேலே புளோயர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அமத்தியாச்சும்மா."

அம்மா சுவரில் காதை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றது. அந்தப் பக்கம் யாரும் தும்மவில்லை. அப்புறம் போய் நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மடிக்க ஆரம்பித்தது.

சிவபாண்டி